பாலம் தாண்டியாச்சா?

இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் இதைவிட நன்றாக எழுதியிருப்பேன். ஆனால் இது நடந்துவிட்டது. அதனால் நடந்தபடிதான் எழுத முடியும். நம்பப் பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலன் படிக்கலாம். அதை நம்புகிறவர்கள் கூடவே இதையும் நம்பினால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

பேய் என்றால் அமாவாசை வேண்டும், நடுநிசி வேண்டும், தெருநாய் ஊளையிட வேண்டும் என்று நாமாக ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். எனக்கு வாய்த்தது சாயங்காலம் நாலரை மணிக்கு. திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோட்டில், வண்டிகள் முட்டிக்கொண்டு நின்ற நெரிசலில். பக்கத்துப் பேருந்தில் ஜன்னலோரமாக ஒருவர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு தகரமும் ஒரு கண்ணாடியும்தான் இருந்தன.

போன நவம்பர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கும் மழை. மழைக்குப் பின்னாலேயே டெங்கு. திருமுல்லைவாயில் பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவார்கள், அல்லது அடுத்த விழாவுக்கும் என்னையே எழுதக் கூப்பிடுவார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

நான் கள்ளிக்குப்பத்தில் இருக்கிறேன். வாரப் பத்திரிகை ஒன்றில் நையாண்டி எழுதிப் பிழைப்பவன். அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் சண்முகசுந்தரம் குழந்தைகள் தினத்துக்கு ஒரு விழா மலர் போடுகிறார் என்றும், அதில் ‘குழந்தைகள் நலப் பிரிவின் பணியும் வளர்ச்சியும்’ என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றும் ஆள் அனுப்பினார்கள்.

“ஹியூமரா இருக்கட்டும் சார். ஆனா யாரும் சிரிச்சிடக் கூடாது” என்றார் டாக்டர். இப்படி ஒரு நிபந்தனையை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எனக்கு விதித்ததில்லை.

இரண்டு நாள் அங்கே சுற்றினேன். வளர்ச்சி கண்ணைப் பறித்தது. சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி, யானை, குரங்கு. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அதன் முகத்தில் டாக்டரின் மூக்குக் கண்ணாடி. வரவேற்பறையில் மீன் தொட்டி. மீனுக்கு ஆக்சிஜன் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மேடையில், ஆறடி உயரத்துக்குத் தெர்மோகோலில் ஒரு பூஜ்யம் செய்து தங்கக் காகிதம் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள்.

“மூணு வருஷமா நம்ம டிபார்ட்மெண்ட்ல ஒரு டெத் கூட கிடையாது சார். ஜீரோ!” என்றார் டாக்டர். “ஃபங்ஷன் அன்னிக்கு நான் அந்த ஜீரோவுக்குள்ள இருந்துதான் மேடைக்கு வர்றேன். எப்படி ஐடியா?”

பிரமாதம் என்றேன். பூஜ்யத்தின் வழியாகக் குனிந்து வரவேண்டியிருக்குமே என்பது மட்டும்தான் அப்போது என் கவலை.

ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மூன்று வருடமாக ஒரு சாவுகூட இல்லை. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்படி என்று கேட்டால், “டெடிகேஷன்” என்றார். அதற்குமேல் கேட்டால் காபி வந்தது.

எப்படி என்பதை எனக்குச் சொன்னது எதிர்ச் சாரி டீக்கடையில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் கோவிந்தராஜ். நாற்பது வயசு, வாய் நிறைய ஹான்ஸ் புகையிலை.

“இன்னா சார், பொஸ்தகம் எய்துறியாமே? என் பேரு வருமா?”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“அந்த ஜீரோவுல பாதி நம்ள்து சார். கேட்டுப் பாரு.”

கேட்டேன். அவர் பன்னை டீயில் முக்கியபடியே சொன்னார்.

“கொயந்த தேறாதுன்னு தெரிஞ்சிச்சுன்னா உள்ள சாவ வுட மாட்டாங்க. மேல்சிகிச்சை, பெரியாஸ்பத்திரின்னு சொல்லி வண்டில ஏத்திருவாங்க. முக்காவாசி ஏத்தும்போதே முடிஞ்சிருக்கும். ஆனா சிஸ்டரு மூச்சுப் பைய அமுக்கிகினே வரும். அம்பத்தூரு தாண்டி பாடி பாலம் கீதுல்ல, அது வரிக்கும்.”

“ஏன், பாலத்துல என்ன?”

“பாலம் தாண்டிட்டா நம்ம ஏரியா இல்லையாம். பெரிய டாக்டரு போட்ட ரூலு. அப்பால செத்தா வயில செத்தது. சிஸ்டரு கைய எடுத்துரும். நானும் சைரன ஆஃப் பண்ணிருவேன். அதுக்கு மேல இன்னா சார் அவசரம்?”

நனைந்த பன் டீக்குள் விழுந்துவிட்டது. விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“பெத்தவங்க கூடவே வருவாங்களே?”

“அம்மாவ எப்பவும் முன்னாடி, என் பக்கத்துல குந்த வச்சிருவோம். நடுவுல தடுப்பு கீது. சைரன் நின்னா, ஆஸ்பத்திரி வந்துருச்சுன்னு நெனச்சிக்கும் பாவம்.”

“இதுவரைக்கும் எத்தனை குழந்தைங்க?”

“எண்ணக் கூடாது சார். எண்ணுனா வண்டி ஓட்ட முடியாது.”

ஆம்புலன்ஸ் எங்களுக்கு எதிரே, ஷெட்டின் கீழ் நின்றிருந்தது. இரண்டு நாளாக யாரும் எடுக்கவில்லை. எஞ்சின் அணைந்திருந்தது. ஆனால் பின்கதவுக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்பக்கமாக.

“உள்ள யாராவது இருக்காங்களா?”

“மயைக்கு அப்டித்தான் சார் ஆவும்.”

பக்கத்தில் நின்ற காரைப் பார்த்தேன். அதற்கும் அதே மழைதான். அதன் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

மறுபடியும் ஆம்புலன்ஸைப் பார்த்தபோது, அந்த ஆவியின் நடுவே, கீழ் ஓரமாக, உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் துடைக்கப்பட்டிருந்தது. ரயில் ஜன்னலில் வெளியே பார்க்கக் குழந்தைகள் துடைப்பார்களே, அந்த மாதிரி.

கோவிந்தராஜும் பார்த்தார். சட்டென்று திரும்பி, “மாஸ்டர், இன்னொரு டீ” என்றார். முதல் டீ இன்னும் பாதி இருந்தது.

*

தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே ராபியா உட்கார்ந்திருந்தாள். பூந்தமல்லிக்காரி. புருஷன் பஷீருதீன் அங்கே மெத்தைக் கடை வைத்திருக்கிறான். ஒரே பெண், ஜோயா, நாலு வயசு. டெங்கு. தொண்டையில் குழாய் போட்டு இரண்டு நாளாகிறது. பஷீருதீன் ரத்தத்துக்காக வண்டியை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தான். நான் டாக்டரோடு சேர்ந்து நடந்ததை வைத்து என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டாள் ராபியா.

விழா அன்று மத்தியானம் என்னை மறித்தாள்.

“அண்ணே, நீங்க டாக்டருக்கு வேண்டியவங்களாமே. எம் பொண்ண வேற எங்கயும் அனுப்ப வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே.”

“அனுப்பப்போறதா யாராவது சொன்னாங்களாம்மா?”

“யாரும் சொல்லல. அந்த கலைவாணி சிஸ்டரு காலைலேர்ந்து என் மூஞ்சிய பாக்க மாட்டேங்குது. நேத்து என் பொண்ணுக்கு ரெட்ட ஜடை போட்டுச்சு. இன்னிக்கு இன்னா வந்துச்சு?”

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அத்தனை குழாய்களுக்கு நடுவே ரெட்டை ஜடை. மானிட்டரில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெலிந்த கோடுதான். ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரைத் தேடிப் போனேன். மேடையில் பூஜ்யத்தின் வழியாக வந்து பழகிக்கொண்டிருந்தார். புது கோட்டு. தெர்மோகோல் துகள் தோளில் ஒட்டியிருந்தது.

“அந்த டெங்கு பாப்பாவா? கஷ்டம் சார். ரெஃபர் பண்றோம். பெட்டர் கேர்.”

“இந்த மழையில, இந்த டிராஃபிக்ல... அந்தக் குழந்தை தாங்குமா டாக்டர்?”

“தாங்கலாம்.”

“இங்கேயே வச்சிருந்தா?”

“இங்கேயும் தாங்கலாம். ஆனா சீஃப் கெஸ்ட் அஞ்சரைக்கு வர்றார் சார். அஞ்சே முக்காலுக்கு எதாச்சும் ஆச்சுன்னா?” தங்கப் பூஜ்யத்தைத் திரும்பிப் பார்த்தார். “மூணு வருஷ உழைப்பு சார்.”

“போற வழியில ஏதாவது ஆனா?”

“வழி நம்ம டிபார்ட்மெண்ட் இல்லையே.”

சொல்லிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குள் குனிந்தார்.

*

மூன்றே முக்காலுக்கு ஜோயாவை இறக்கினார்கள். கலைவாணி தள்ளுவண்டியோடு கூடவே நடந்து, மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தாள். முழங்கை நீளத்தில் பலாக்கொட்டை மாதிரி ஒரு ரப்பர் பை. அமுக்கினால் குழாய் வழியாகக் காற்று உள்ளே போகும். விட்டால் பை தானாக உப்பும்.

புஸ்ஸ்... புஸ்ஸ்...

ராபியாவை முன்னால் ஏறச் சொன்னார்கள். அவள் ஏறவில்லை. பின்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் எம் பொண்ணுகூடத்தான் வருவேன்.”

“ரூல்ஸ் இல்லம்மா. முன்னாடி குந்து, ஸ்டைலா போலாம்” என்றார் கோவிந்தராஜ்.

அவள் என் சட்டையைப் பிடித்தாள். “அண்ணே, அப்ப நீங்க பின்னால ஏறுங்க. நம்ம மனுஷன் ஒருத்தராச்சும் பாத்துகினு இருக்கணும். அவ கைய வுட்ராதீங்கண்ணே.”

நான் வீரன் இல்லை. சட்டையை அவள் விடவில்லை, அதனால் ஏறினேன். கலைவாணி வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

உள்ளே ஒருபக்கம் ஸ்ட்ரெச்சர். மறுபக்கம் நீளமான பெஞ்ச், நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் கலைவாணி அதில் உட்காரவில்லை. ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில், ஒரு அட்டைப் பெட்டியின் மேல் குந்தியிருந்தாள்.

நான் பெஞ்சில் உட்காரப் போனேன்.

“அங்க உக்காராதீங்க சார்.”

“ஏம்மா?”

“உக்காராதீங்க.”

தரையில் உட்கார்ந்தேன். ஜோயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று, ஈரமாக, ஒரு வெண்டைக்காய் அளவுக்கு இருந்தது. தலைக்கு மேலே சின்ன மானிட்டர். பச்சைக் கோடு ஏறியது. இறங்கியது.

சைரன் அலறியது. வண்டி நகர்ந்தது. அம்பத்தூர் ஓ.டி.யில் கால்மணி நேரம் நின்றோம். அங்கேதான் வேர்க்கடலைக்காரரைப் பார்த்தேன். மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது.

ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. விழாமலிருக்க பெஞ்சின் மேல் கையை ஊன்றினேன்.

ரெக்சின் சூடாக இருந்தது.

இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. கையைக் கொஞ்சம் நகர்த்தினேன். அங்கேயும் சூடு. இன்னும் நகர்த்தினேன். கடைசி வரைக்கும்... சூடு. நாலு பேர் உட்காரும் இடத்தில் நெருக்கி நெருக்கி நிறையப் பேர் உட்கார்ந்திருந்த மாதிரி.

கையை எடுத்துக்கொண்டேன். கலைவாணி என்னைப் பார்த்தாள்.

“சொன்னேன் இல்ல?” என்றாள்.

எஞ்சின் சூடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஞ்சின் முன்னால் இருந்தது. நான் கவனித்தேன். ஆனாலும் அதையே சொல்லிக்கொண்டேன்.

மண்ணூர்பேட்டை. அவள் மடியில் போன் அடித்தது. ஒரு கையால் பையை அமுக்கியபடி, மறுகையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் சண்முகசுந்தரத்தின் குரல். பின்னணியில் நாதஸ்வரம், மைக் டெஸ்டிங்.

“பாலம் தாண்டியாச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“லைன்லயே இரு.”

புஸ்ஸ்... புஸ்ஸ்...

வண்டி ஏறத் தொடங்கியது. உடம்பு பின்னால் சாய்ந்ததில் தெரிந்தது. பாடி மேம்பாலம். ஏறினோம்... ஏறினோம்... சமமானோம்...

பிறகு இறங்கத் தொடங்கினோம்.

சைரன் நின்றது.

கலைவாணியின் கையும் நின்றது. பையை மெதுவாக, பழக்கப்பட்ட பாத்திரத்தை இறக்கி வைப்பது போல, தலையணை ஓரம் வைத்தாள். சுவரில் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“தாண்டியாச்சு சார்” என்றாள் போனில்.

நான் மானிட்டரைப் பார்த்தேன். பச்சைக் கோடு ஏறியது. இறங்கியது.

“சிஸ்டர்.”

அவள் கண் திறக்கவில்லை.

“சிஸ்டர்! குழந்தைக்கு நாடி ஓடுது!”

திறந்தாள். தூக்கத்தில் எழுப்பியவள் மாதிரி என்னைப் பார்த்தாள். மானிட்டரைப் பார்த்தாள். முகம் கோணியது.

“இது... இது உசுரோட இருக்கற புள்ளயா?”

மறந்துவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கொடுமைக்காரி இல்லை. முந்தின நாள் ஜடை போட்டுவிட்டவள்தான். ஆனால் அந்த வண்டியில், அந்தப் பாலத்தில், அவள் கைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரிந்திருந்தது. சைரன் நின்றால் கை நிற்கும்.

பச்சைக் கோடு தடுமாறியது. ஒரு மேடு. நீளமாகத் தரை. இன்னொரு மேடு...

அவள் பையை எடுக்கப் பாய்ந்தாள்.

அதற்குள்...

புஸ்ஸ்...

அவள் கை பைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. என் கை ஜோயாவின் கையில் இருந்தது.

புஸ்ஸ்...

பை தானாக அமுங்கியது. தானாக என்று சொல்வது தப்பு. ரப்பரில் குழி விழுந்தது. விரல் பதிகிற குழி. ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. நாலு... பக்கத்தில் நாலு... கீழே இன்னும் நாலு. ஒரு கைக்குப் பலம் போதாமல், பல கைகள் சேர்ந்து அமுக்குகிற மாதிரி.

புஸ்ஸ்...

கலைவாணி பையைப் பிடித்தாள். உடனே விட்டாள். சூடு பட்டவள் போலக் கையை உதறினாள்.

“சார்... விரலு... சின்னச் சின்ன விரலா...”

புஸ்ஸ்...

போன் இன்னும் லைனில் இருந்தது.

“ஹலோ? டைம் சொல்லும்மா. எழுதணும்.”

புஸ்ஸ்...

“என்னம்மா சத்தம் அங்க?”

வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. மழை. பை. அவ்வளவுதான்.

“வண்டியில ஏன் இத்தனை பசங்க? யாரு அத்தனை பசங்களை ஏத்துனது? எல்லாரும் என்ன எண்ணிட்டிருக்காங்க? ஒண்ணு, ரெண்டு... ஒண்ணு, ரெண்டுன்னு...”

எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

பை அமுங்கியது. விரிந்தது.

பெஞ்சைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கலைவாணி பார்த்தாள்.

பார்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

*

கோவிந்தராஜ் சைரனை மறுபடி போடவே இல்லை. அவருக்கு அது பிணவண்டி. சாவகாசமாக ஓட்டினார். முன்னால் ராபியா என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ. பின்னால் தடுப்பை நான் எத்தனை தரம் தட்டினேன் என்று தெரியாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வண்டியில் பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டால் திரும்பக் கூடாது என்று வைத்திருக்கிறாராம். பிற்பாடு சொன்னார்.

எழும்பூர் பெரியாஸ்பத்திரி வாசலில் கதவு திறந்தபோது பை அமுங்கிக்கொண்டுதான் இருந்தது. இளம் டாக்டர் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். கண் ஜோயாவின் மேல், காது ஸ்டெதாஸ்கோப்பில்.

“யாரு பேக்கை அமுக்கறது? கரெக்டா பண்றீங்க. நிறுத்தாதீங்க, அப்படியே வாங்க!”

கலைவாணியின் கைகள் கூப்பியபடி இருந்தன. என் கைகள் ஸ்ட்ரெச்சர் கம்பியில் இருந்தன. அப்படியே போனோம், தாழ்வாரம் முழுக்க. இயந்திரத்தைப் பொருத்தி, பையைக் கழற்றி ஒரு மேசையில் வைத்தார்கள். அது அங்கேயும் ஒரு தரம் அமுங்கியது. பிறகு நின்றது.

ஜோயா பிழைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் முடித்திருந்தால் விழா மலருக்கே கொடுத்திருக்கலாம். சின்னக் குழந்தைகளின் பெரிய மனசு என்று தலைப்புப் போட்டு.

கலைவாணி அன்றைக்கே செருப்பைக்கூட எடுக்காமல் இறங்கி நடந்தவள், ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. ஆவடியில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள் என்று கேள்வி. விழா சிறப்பாக நடந்தது. டாக்டர் பூஜ்யத்துக்குள்ளிருந்து குனிந்து வந்தார், கைதட்டினார்கள். நான் ஆஸ்பத்திரியை நடத்தும் அறக்கட்டளைக்குப் புகார் எழுதினேன். விசாரிக்க மூவர் குழு போட்டார்கள். குழுவின் தலைவர் டாக்டர் சண்முகசுந்தரம். மலரும் வந்தது. நான் எழுதிக் கொடுக்காத கட்டுரை என் பெயரில், மிக மரியாதையாக, யாரும் சிரிக்காதபடி அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே ஜோயாவின் படம்: ‘எங்கள் பிரிவின் இன்னொரு சாதனை.’

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராபியா போன் செய்தாள்.

“ஊட்டுக்கு வந்துட்டுப் போங்கண்ணே. யார்கிட்டயும் சொல்ல முடியல.”

மெத்தைக் கடைக்கு மேலே வீடு. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. புது மெத்தையில் ஜோயா தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. அழகாக இருந்தாள். பஷீருதீன் கீழே கடையில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான். மேலே வரவில்லை. அந்த அறைக்கு அவன் வருவதில்லை என்றாள் ராபியா.

“பாருங்கண்ணே.”

குழந்தையின் சட்டையைத் தூக்கினாள்.

ஜோயாவின் விலாவில் குழிகள் விழுந்தன. பட்டாணி அளவு. நாலு. பக்கத்தில் நாலு. அமுங்கின. விட்டன. விட்டபோது நெஞ்சு உப்பியது. மறுபடியும் அமுங்கின.

“பெரியாஸ்பத்திரில காமிச்சீங்களா?”

“எல்லாம் நல்லாருக்குன்னுட்டாங்க. அவங்க பாக்கும்போது குழி தெரியறது இல்ல.” தூக்கிய சட்டையை இறக்கவில்லை. “எம் பொண்ணு மூச்சு விடலண்ணே. அன்னிலேர்ந்து ஒரு தடவகூட அவளா விட்டதில்ல. இவங்கதான் விட வைக்கிறாங்க.”

“எப்படிம்மா சொல்ற?”

“போன மாசம் ஒரு நாள் சாயந்தரம் தெருவுல பலூன்காரன் வந்தான். பீப்பீன்னு ஊதிகினு. இவ இங்க சாப்ட்டுகினு இருந்தா. அப்டியே நின்னுபோச்சு. மூஞ்சி நீலமா ஆயிடுச்சு. நான் கத்துறேன், அடிக்கிறேன், ஒண்ணும் ஆவல. பலூன்காரன் தெரு திரும்பினான். அதுக்கு அப்பறம்தான் இவளுக்கு மூச்சு வந்துச்சு.” என்னைப் பார்த்தாள். “புள்ளைங்கதானே அண்ணே. பலூன் பாக்கப் போயிட்டாங்க.”

கட்டிலைச் சுற்றித் தரையில் கிண்ணங்கள் இருந்தன. பிஸ்கட், பூந்தி, பலூன்கள், பொம்மைக் கார்கள். ஒரு குழந்தைக்கு அத்தனை கார் எதற்கு என்று ஏறி வரும்போதே நினைத்தேன்.

ஜோயா கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா...”

“இன்னாடி தங்கம்?”

“அவங்களுக்குக் கை வலிக்குதாம்.”

ராபியா அவள் நெற்றி முடியை ஒதுக்கினாள்.

“போதுமான்னு கேக்குறாங்க. அவங்கவங்க ஊட்டுக்குப் போணுமாம். அவங்கம்மா எங்கன்னு கேக்குறாங்க.”

ராபியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கட்டிலருகே மண்டியிட்டாள். யாரும் இல்லாத இடத்தை, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பது போல, வரிசையாகப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் வேலை வாங்கும்போது சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

“வந்துகினே கீறாங்க கண்ணுங்களா. உங்கம்மாங்க எல்லாம் பஸ் ஏறிட்டாங்களாம், இப்பத்தான் போன் வந்துச்சு. வந்ததும் அனுப்பிச்சிர்றேன். அதுவரிக்கும் நிறுத்தக் கூடாது, இன்னா?”

குழிகள் ஒரு நிமிஷம் விழவில்லை.

பிறகு, மெதுவாக, மறுபடி விழ ஆரம்பித்தன.

“தினம் இதையேதான் சொல்றேன்” என்றாள் ராபியா, என் பக்கம் திரும்பாமல். “தினமும் நம்புதுங்க.”